பொதியின் அளவும் வழியின் அகலமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் இளைஞர் பகுதியின் சார்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இவ்விழாவிலே எல்லோருக்கும் பயன்படத்தக்க ஒரு விடயம் பற்றிப் பேசுமாறு செயற்குழுவினர் எம்மைப் பணித்தனர். சமய நெறி பற்றியும் இலக்கிய நயம் பற்றியும் பேசவல்ல பெரியோர் பலர் இம்மேடையிலே வீற்றிருக்கின்றனர். அவர்கள் முன்னிலையில் அத்துறைகளிற் புகுவதற்கு நாம் துணியவில்லை. எனவே, பல்கலைக்கழகத்திலே நாம் கற்றுவரும் துறையிலிருந்து ஒரு சிறு பொருளை எடுத்துக்கொண்டோம். வீட்டிலே இணைய இணைப்புக்கென வைத்திருக்கும் றவுற்றர் என்னும் பெட்டியில், பொதியின் உச்ச அளவைக் குறிக்கும் ஓர் எண் உண்டு. அதனை எம்.ரி.யூ. என்பர. அவ்வெண் யாது, அது பிழைத்தால் விளைவது யாது, அதனைத் திருத்துவது எங்ஙனம் என்பனவே இன்று நாம் சொல்லப் புகுவன.

சங்க மேடையிலே இயந்திரப் பெட்டி பற்றிய பேச்சு எதற்கு என்று மூத்தோர் சிலர் எண்ணக்கூடும். நமது சங்கத்தின் தொண்டுகளில் வாசிகசாலை ஒன்று என்பதை அவர்கள் அறிவர். முன்னர் அங்கே வந்தோர் பத்திரிகையும் சஞ்சிகையும் படித்தனர். இன்று வருவோர் விண்ணப்பம் அனுப்பவும், பரீட்சைப் பெறுபேறு பார்க்கவும், வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளின் முகத்தைக் கண்டு பேசவும் வருகின்றனர். வாசிகசாலையின் கதவு திறந்திருந்தும் உள்ளே இணைப்பு ஒழுங்காக இல்லையெனின், பாதிக் கதவு மூடியிருப்பதற்கே அது ஒப்பாகும்.

எங்கும் கேட்கும் முறைப்பாடு ஒன்றுண்டு. “லைன் இருக்கிறது, ஆனால் வேலை செய்யவில்லை” என்பர். பெட்டியிலே பச்சை விளக்குகள் எல்லாம் எரியும். சிறு செய்தி போகும். சில தளங்கள் உடனே திறக்கும். வேறு சில தளங்கள் பாதி திறந்து நின்றுவிடும். படம் ஓடும், ஆனால் ஒரு சான்றிதழின் பிரதியை அனுப்ப முயன்றால் அது நூற்றுக்குச் சில பங்கு போனதும் அசையாது. இப்படி நேர்ந்தால் நம்மவர் என்ன செய்கின்றனர்? மழையைக் குறை கூறுவர். பெட்டியை அணைத்து மீண்டும் ஏற்றுவர். இணைப்புத் தருவோரை ஏசுவர். ஈற்றில் புதுப் பெட்டி வாங்கக் காசு தேடுவர். இத்தகைய கோளாறுகளுக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று பொதியின் அளவு. சிறியது போகிறது, பெரியது நிற்கிறது என்னும் குறி தோன்றுமிடத்து, முதலிற் பார்க்கவேண்டியது அதனையே.

பொதி என்பது யாது? நாம் அனுப்பும் எதுவும் கம்பியின் வழியே முழுதாகப் போவதில்லை. ஒரு புகைப்படத்தை அனுப்பினால், அது சிறு சிறு பகுதிகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் முன்னே அனுப்புவோர் முகவரியும் பெறுவோர் முகவரியும் பொறித்த சீட்டு ஒட்டப்பட்டு, தனித்தனியே செல்கின்றது. போய்ச்சேர்ந்த இடத்தில் அவை மீண்டும் ஒழுங்காகக் கோக்கப்படுகின்றன. இவ்வழியினை அமெரிக்காவிலே போல் பரான் என்பார் 1960களின் முற்பகுதியில் ஆராய்ந்தார். இங்கிலாந்தின் தேசிய பௌதிக ஆய்வுகூடத்திலே டொனால்ட் டேவிஸ் என்பார் 1965 இல் தாமாகவே இதே முடிவுக்கு வந்தார். பக்கற் என்னும் பெயரை இதற்கு இட்டவர் அவரே. 1969 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 29 ஆம் நாள் கலிபோர்னியாவின் இரு நிலையங்களுக்கிடையே ஆர்ப்பாநெற் என்னும் வலையில் முதற் செய்தி சென்றது. சொல் முழுவதும் போகுமுன் மறுமுனைக் கொம்பியூட்டர் நின்றுவிட, இரண்டு எழுத்துக்களே சென்று சேர்ந்தன என்பது வரலாறு.

ஏன் வெட்டவேண்டும்? முழுதாகவே அனுப்பினால் ஆகாதோ? ஆகாது. ஒரே ஒழுங்கையை ஊரார் அனைவரும் பயன்படுத்தும்போது, ஒருவருடைய நூறு வண்டில்களும் ஒன்றோடொன்று பிணைத்தபடியே போனால் ஏனையோர் படலையிலேயே காத்து நிற்க நேரும். ஒவ்வொரு வண்டிலாகப் போனால் இடையிடையே பிறரும் போகலாம். அன்றியும் ஒரு வண்டில் கவிழ்ந்தால் அந்த ஒன்றை மட்டும் மீண்டும் அனுப்பினாற் போதும்.

அங்ஙனமாயின் ஒரு வண்டிலில் எவ்வளவு ஏற்றலாம்? இதுவே கேள்வி. இக்காலத்து வலைகள் பெரும்பாலானவை ஈதர்நெற் என்னும் முறையைத் தழுவியவை. அது 1973 இல் அமெரிக்காவின் ஸெரொக்ஸ் நிறுவன ஆய்வுகூடத்திலே கருக்கொண்டது. 1980 இல் டிஜிற்றல், இன்ரெல், ஸெரொக்ஸ் என்னும் மூன்று நிறுவனங்களும் கூடி அதன் விதிகளை வெளியிட்டன. ஒரு பொதியிலே ஏற்றத்தக்க சுமை 1500 பைற்றுக்கு மேற்படலாகாது என்பது அவ்விதிகளுள் ஒன்று. பைற்று என்பது ஆங்கில எழுத்தொன்றைக் குறிக்கப் போதிய அளவு என்று கொள்க. அந்நாளைய கம்பியில் வினாடிக்கு ஒரு கோடி பிற்றுக்கள் ஓடின. 1500 பைற்றுப் பொதியொன்று கம்பியைப் பிடித்திருந்த காலம் ஒரு வினாடியை ஆயிரம் கூறிட்டதில் ஒரு கூறும் சிறிதுமே. கம்பிகளின் வேகம் பன்மடங்கு பெருகிவிட்ட இந்நாளிலும் 1500 என்னும் அவ்வெண் மாறாது நிற்கின்றது. உலகெங்கும் உள்ள பெட்டிகள் எல்லாம் அதனையே நம்பி ஆக்கப்பட்டிருத்தலே அதற்குக் காரணம்.

1500 எல்லோர்க்கும் பொதுவாயின் சிக்கல் எங்கிருந்து வந்தது? அதனைக் கூறுவோம். வீடுகளுக்கு இணைப்புத் தருவோர், இன்னார் வீட்டு இணைப்பு இது என்று பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு அறியவேண்டியவராயினர். அதற்கென ஈதர்நெற் பொதிக்குள்ளே இன்னோர் உறையை இடும் முறை 1999 பெப்ரவரியில் வெளியிடப்பட்டது. அதற்குப் பி.பி.பி.ஓ.ஈ. என்று பெயர். ரெலிபோன் கம்பி வழி வந்த பல இணைப்புக்களிலும், கண்ணாடி இழை வழி வரும் சில இணைப்புக்களிலும் இம்முறை கையாளப்படுகின்றது. அவ்வுறை பெரிதன்று, எட்டே எட்டுப் பைற்று. ஆயினும் அந்த எட்டும் 1500 என்னும் மொத்தத்துக்குள்ளேயே அடங்கவேண்டும். எனவே நமக்கென மிஞ்சுவது 1492. இவ்வகை இணைப்பினுடைய பெட்டியில் எழுதவேண்டிய எண் 1492 ஆதற்கு இதுவே காரணம்.

எட்டுப் பைற்று என்ன பெரிய விடயம் என்று கேட்பீர்களாயின், கிடுகு ஏற்றிய வண்டிலை நினைந்து பாருங்கள். பெருவீதியிலே அது தாராளமாக வரும். ஒழுங்கைக்குள் திரும்பும்போது, இரு வேலிகளுக்குமிடையே உள்ள அகலத்தைவிடச் சுமை ஒரு சாண் மிகுந்திருந்தாலும் அது போகாது. ஒரு சாண்தானே மிகை என்று வேலி விலகிக் கொடுப்பதில்லை. வழி முழுவதிலும் மிக ஒடுங்கிய இடம் எதுவோ, அதுவே சுமையின் அளவைத் தீர்மானிக்கின்றது. பெருவீதி எத்துணை அகன்றிருப்பினும் அதனாற் பயனில்லை.

சுமை மிகுந்த பொதி ஒடுங்கிய வாயிலை அடையும்போது மூன்றில் ஒன்று நிகழலாம். முதலாவது, வாயிலில் நிற்கும் றவுற்றர் அப்பொதியை இரண்டாக வெட்டி அனுப்பலாம். 1981 இல் எழுதப்பட்ட இணைய நெறிமுறை அதற்கு இடந்தருகின்றது. ஆனால் வெட்டுதலும் ஒட்டுதலும் வேலையைப் பெருக்கும். துண்டுகளுள் ஒன்று தவறினாலும் முழுப் பொதியும் வீணாகும். ஆதலின் இக்காலத்துக் கொம்பியூட்டர்கள் பெரும்பாலும் “இதனைத் துண்டாக்காதே” என்னும் குறியைப் பொதியின்மேல் இட்டே அனுப்புகின்றன.

இரண்டாவது, வாயிலில் உள்ள றவுற்றர் அப்பொதியை ஏற்காது, “இது பெரிது, இவ்வழியிற் போகக்கூடிய அளவு இவ்வளவு” என்று அனுப்பியவர்க்கு ஒரு மறுமொழி விடுக்கலாம். அம்மறுமொழியைக் கண்ட கொம்பியூட்டர் தன் பொதிகளைச் சிறிதாக்கி மீண்டும் அனுப்பும். வழியின் அளவைக் கேட்டறியும் இம்முறை 1990 நவம்பரில் வகுத்துரைக்கப்பட்டது. இது நல்ல முறை. எங்கும் இவ்வாறே நடக்குமாயின் இன்று நாம் பேசவேண்டிய தேவையே இராது.

மூன்றாவது, அப்பொதி மௌனமாக எறியப்படலாம். ஏற்கப்படவும் இல்லை, மறுக்கப்பட்ட செய்தி வரவும் இல்லை. ஏன் இப்படி நேர்கிறது? காவற் பொறுப்பிலுள்ளோர் சிலர், அந்த மறுமொழிச் செய்திகளால் தீங்கு விளையக்கூடும் என்று அஞ்சி, அவை அனைத்தையும் தம் வாயிலில் தடுத்துவிடுகின்றனர். சிலவேளை பெட்டியிலே பிழையான எண் எழுதப்பட்டிருப்பதால், வழி ஒடுங்கியது என்பதையே அப்பெட்டி அறியாதிருக்கும். அனுப்பிய கொம்பியூட்டரோ, பொதி வழியில் எங்கோ தவறியது போலும் என்றெண்ணி, அதே அளவான பொதியை மீண்டும் மீண்டும் அனுப்பிக்கொண்டேயிருக்கும். இந்த மௌனத்துக்குத் துறை வல்லோர் இட்ட பெயர் கருந்துளை என்பது. போனது போனதே, ஒலியும் இல்லை, ஒளியும் இல்லை.

இப்பொழுது, சிறியது போகப் பெரியது நிற்பதன் காரணம் உங்களுக்கு விளங்கியிருக்கும். இரு கொம்பியூட்டர்கள் பேசத் தொடங்கும்போது மாற்றிக்கொள்ளும் முகமன்கள் நூறு பைற்றுக்கும் குறைந்தவை. அவை தடையின்றிப் போகும். ஆகவே இணைப்பு உண்டாகிவிட்டதென்று தோன்றும். சுமை நிறைந்த முதற் பொதி புறப்பட்டவுடன் எல்லாம் நின்றுவிடும். படம் ஓடுகின்றதே என்றால், அதற்கும் விடையுண்டு. யூரியூப் முதலிய தளங்கள் குவிக் என்னும் புதிய முறையைக் கையாளுகின்றன. 2021 இல் நியமமாக வெளியான அம்முறை, 1200 பைற்று அளவான பொதிகளுடன் தொடங்கி, வழி இடங்கொடுத்தால் மட்டுமே அளவைக் கூட்டுவது. எனவே ஒழுங்கை ஒடுங்கியிருந்தாலும் அந்த வண்டில் இலகுவிற் போய்விடுகிறது. படம் ஓடுவதை வைத்து இணைப்பு முழுதும் சரியென்று தீர்ப்புக் கூறலாகாது.

இதனை ஏட்டுச் சுரைக்காயாக நாம் சொல்லவில்லை. சென்ற ஆண்டு நமது வாசிகசாலையிலேயே இது நிகழ்ந்தது. அன்பர் ஒருவர் தம் வீட்டிற் பயன்படுத்திய நல்ல றவுற்றர் ஒன்றை மனமுவந்து சங்கத்துக்குக் கொடுத்தார். பழைய பெட்டி பழுதாகியிருந்தமையால் அதனை நன்றியோடு ஏற்றுப் பூட்டினர். அதன் பின்னர் மேற்சொன்ன குறிகள் யாவும் தோன்றின. பத்திரிகை படிக்க வந்தோர்க்குப் பெரிய குறை தெரியவில்லை. ஆனால் உயர்கல்விக்கு விண்ணப்பிக்க வந்த மாணவி ஒருத்தி, மூன்று மாலைகள் அங்கிருந்து முயன்றாள். பெயர், முகவரி, பெறுபேறு எல்லாம் ஏறின; சான்றிதழ்களின் பிரதிகள் மட்டும் ஏறவில்லை. முடிவு நாளுக்கு இரண்டு நாட்களே இருந்தன. அவளுடைய தந்தையார் நாட்கூலிக்குச் செல்பவர். பட்டினத்துக் கடையிற் போய் அனுப்புவதாயின் அவர்க்கு ஒரு நாட் கூலியும் பஸ் செலவும் போகும். “எங்களுக்குத்தான் இது சரிவராது போலும், தம்பி” என்று அவர் மெல்லச் சொன்னார். பெட்டியின் குறையை அவர் தம் தலைவிதியின் குறையாக எண்ணிவிட்டார். அதுவே எம்மை மிகவும் வருத்தியது.

அன்று மாலை இளைஞர் நால்வர் கூடி அளந்து பார்த்தோம். 1492 வரையான பொதிகள் போய் மறுமொழியோடு திரும்பின. 1493 அளவான பொதிக்கு மறுமொழி இல்லை, மறுப்பும் இல்லை, மௌனமே. பெட்டியின் பக்கத்தைத் திறந்து பார்த்தபோது, எம்.ரி.யூ. என்னும் இடத்திலே 1500 என்று கையால் எழுதப்பட்டிருந்தது. கொடுத்த அன்பரிடத்து எவ்வித தவறும் இல்லை. அவர் வீட்டு இணைப்பில் அந்த எட்டுப் பைற்று உறை இல்லை. அங்கே 1500 சரியான எண்ணே. வாசிகசாலை இணைப்பில் அவ்வுறை உண்டு. எண் பிழையன்று, அது வந்த இடத்துக்குப் பொருந்தவில்லை. 1492 என்று மாற்றிச் சேமித்தோம். மீண்டும் பெரிய பொதியை அனுப்பிப் பார்த்தபோது, “துண்டாக்கவேண்டும்; ஆனால் அதற்கு அனுமதியில்லை” என்னும் கருத்துடைய மறுமொழி உடனே வந்தது. வாய்மூடியிருந்த பெட்டி வாய்திறந்தது. சான்றிதழ்களின் பிரதிகள் சில நிமிடங்களில் ஏறின. செலவு ஒரு சதமும் இல்லை.

இனி, இதனை நீங்களே வீட்டிற் செய்யும் முறையைக் கூறுவோம். இளைஞர்கள் குறித்துக்கொள்வீர்களாக. முதலில், றவுற்றருடன் கம்பியால் இணைத்த கொம்பியூட்டர் ஒன்றைத் தெரிந்துகொள்க. வி.பி.என். போன்ற இரகசிய வழி எதுவும் இருந்தால் அதனை நிறுத்திவிடுக. விண்டோஸ் கொம்பியூட்டரில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, பிங் என்னும் கட்டளையைத் தட்டெழுதி, மறுமொழி தரும் தளம் ஒன்றின் முகவரியை இடுக. மறுமொழி வருகின்றதா என்று முதலில் உறுதி செய்க. சில தளங்கள் பிங்குக்கு எக்காலும் மறுமொழி தருவதில்லை. அத்தகைய தளத்தை வைத்து அளக்கப் புகுந்தால் வீண் மயக்கமே மிஞ்சும்.

அடுத்து, பிங் என்னும் சொல்லின் பின் சிறுகோடு இட்டு எஃப் என்னும் ஆங்கில எழுத்தையும், மீண்டும் சிறுகோடு இட்டு எல் என்னும் எழுத்தையும், அதன்பின் 1472 என்னும் எண்ணையும், ஈற்றிலே முகவரியையும் இடுக. இரண்டும் சிற்றெழுத்துக்களாதல் வேண்டும். எஃப் என்பது துண்டாக்காதே என்னும் குறி. எல் என்பது சுமையின் அளவு. 1500 என்று இடாது 1472 என்று இடுவது ஏன்? பிங் பொதியின் முன்னே 20 பைற்று முகவரிச் சீட்டும், 8 பைற்று அடையாளச் சீட்டும் தாமாகவே சேரும். 1472 உடன் அந்த 28 ஐயும் கூட்டினால் 1500 ஆகின்றது. இதற்கு மறுமொழி வந்தால் உங்கள் வழி 1500 அகலம் உடையது; அந்த எண்ணைத் தொடவேண்டாம். மறுப்போ மௌனமோ வந்தால் பத்துப் பத்தாகக் குறைத்துக்கொண்டு போங்கள். மறுமொழி வந்தவுடன் ஒவ்வொன்றாகக் கூட்டி, மறுமொழி தரும் மிகப் பெரிய எண்ணைக் கண்டுபிடியுங்கள். அதனோடு 28 ஐக் கூட்டுக. 1464 வந்தால், 28 சேர்த்து 1492. அதுவே உங்கள் வழியின் அளவு. ஒரு தளத்தோடு நில்லாது இரண்டு மூன்று தளங்களை வைத்து அளந்து பார்ப்பது நன்று. ஒரு தளத்துக்குச் செல்லும் வழியில் மட்டும் எங்கோ தொலைவில் ஒடுக்கம் இருத்தலும் கூடும்.

அளந்த பின்னரே பெட்டியைத் திறக்கவேண்டும். அதன் முகவரியும் நுழைவுச் சொற்களும் வழக்கமாகப் பெட்டியின் அடியில் ஒட்டிய தாளிலே அச்சிடப்பட்டிருக்கும், 192.168.1.1 என்பது பரவலாகக் காணும் முகவரி. உள்ளே வெளி இணைப்புக்குரிய பக்கத்தில் எம்.ரி.யூ. என்னும் கட்டம் இருக்கும். அங்கே முன்னர் இருந்த எண்ணை முதலில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். இது மிக முக்கியம். பின்னர் புது எண்ணை இட்டுச் சேமித்து, பெட்டியை மீள இயக்கி, முன் செய்த அளவையை மறுபடியும் செய்து பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்க. இரண்டை ஒருங்கே மாற்றினால் எது மருந்தாயிற்று, எது நஞ்சாயிற்று என்று அறிய முடியாது.

சில பெட்டிகளில் எம்.எஸ்.எஸ். கிளாம்ப் என்று இன்னொரு வசதியும் உண்டு. கொம்பியூட்டர்கள் பேசத் தொடங்குமுன் “எனக்கு ஒரு தடவையில் இவ்வளவுதான் அனுப்பு” என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்வது வழக்கம். 1500 பைற்றில் முகவரிச் சீட்டுக்களுக்கு 40 போக, 1460 என்று அவை சொல்லும். வாயிலில் உள்ள றவுற்றர் அச்சொல்லைத் திருத்தி 1452 என்று மாற்றிவிட்டால், தொலைவிலுள்ளவரும் ஆரம்பத்திலேயே சிறு பொதிகளை அனுப்புவர். மறுமொழிச் செய்திகளைத் தடுத்துவைத்திருக்கும் தளங்களும் இதனால் இயங்கும். இவ்வசதி இருப்பின் அதனை இயங்கச் செய்துவிடுவது நலம். ஆனால் ரி.சி.பி. என்னும் முறையில் செல்லும் பொதிகளுக்கே இது உதவும் என்பதை நினைவிற் கொள்க.

வி.பி.என். வழி வீட்டிலிருந்து வேலை செய்வோர்க்கும் ஒரு சொல். அது பொதிக்குள் பொதி வைக்கும் முறையாதலின், அதற்கென மேலும் இடம் விடவேண்டும். வயர்கார்ட் என்னும் வி.பி.என். முறை 80 பைற்றை ஒதுக்கி, 1420 என்பதையே தன் வழக்கமான அளவாகக் கொள்கின்றது. வீட்டு வழி 1492 ஆயின் அதுவும் எட்டாற் குறைந்து 1412 ஆதல் பாதுகாப்பானது. ஐ.பி.வி. 6 என்னும் புதிய நெறிமுறையிலோ, வழியிலுள்ள றவுற்றர்கள் பொதியை வெட்டுவதே இல்லை. மறுமொழி அனுப்புதல் ஒன்றே அவற்றின் கடன். ஆகவே அங்கே மறுமொழியைத் தடுப்பது இன்னும் பெருங்கேடாகும். எவ்வழியும் 1280 பைற்றுக்குக் குறையலாகாது என்பது அதன் விதி. எனவே பெட்டியில் எண்ணைக் குறைப்போர் 1280 க்குக் கீழே இறங்காதிருப்பாராக.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. இந்த எண்ணை மாற்றினால் இணைப்பின் வேகம் இரட்டிக்கும் என்று சொல்லித் திரிவோர் உளர். நம்பவேண்டாம். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். 1,460,000 பைற்று அளவான ஒரு படத்தை 1500 பைற்றுப் பொதிகளில் அனுப்பினால் 1000 பொதிகள் வேண்டும். 1492 ஆக்கினால் 1006 பொதிகள். வேறுபாடு ஆறே ஆறு. அதனை ஒருவரும் உணரார். அதையே அஞ்சி அஞ்சி 576 ஆகக் குறைத்தால் 2724 பொதிகள் வேண்டியதாகும். முகவரிச் சீட்டுக்களின் சுமையும் அவ்வளவுக்குப் பெருகும். ஆகவே பெருக்குவதும் பிழை. அளவின்றிக் குறைப்பதும் பிழை. அன்றியும், கம்பியிலே பழுது, வைஃபை அலை எட்டாமை, மாலை வேளையில் நெரிசல், மாத அளவு தீர்ந்துபோதல் என்பனவற்றுக்கு இது மருந்தாகாது. சிறியதும் பெரியதும் ஒருங்கே தள்ளாடினால் குறை வேறிடத்தில் உள்ளது. குறையில்லாத வீட்டிலே இந்த எண்ணைத் தொடவே வேண்டாம்.

அன்பர்களே! இத்துணைச் சிறிய எட்டுப் பைற்றுக்காக உங்கள் பொன்னான நேரத்தை எடுத்துக்கொண்டது ஏன்? அந்தத் தந்தையாரின் சொல்லே அதற்குக் காரணம். கருவிகள் பெருகிய இந்நாளிலே, ஒரு கருவி நின்றுபோனால், வசதியுள்ளவர் புதியது வாங்குகின்றனர்; வசதியற்றவர் தமக்கு விதித்தது அவ்வளவே என்று திரும்பிப் போகின்றனர். இருவருமே காரணத்தைத் தேடுவதில்லை. காரணமோ ஒரு தாளும் பென்சிலும் கொண்டு அரைமணி நேரத்திற் கண்டுபிடிக்கத்தக்கதாயிருந்தது. படித்த இளைஞர் ஊருக்குச் செய்யத்தக்க தொண்டு இதுவே என்று நாம் கருதுகின்றோம். திருவிழாவிலே தண்ணீர்ப் பந்தல் அமைப்பதும் தேர்வடம் பிடிப்பதும் போல, வாசிகசாலையின் இணைப்பைக் காத்தலும் ஒரு திருப்பணியே.

ஆதலின் செயற்குழுவினர்க்கு எமது வேண்டுகோள் மூன்று. வாசிகசாலைப் பெட்டியின் எண்களை எழுதிய ஒரு கொப்பி பெட்டிக்கு அருகிலேயே இருத்தல் வேண்டும். மாற்றுவோர் நாளும் காரணமும் அதிற் குறித்தல் வேண்டும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, இளைஞர் இருவர் அங்கிருந்து, வீட்டிலே இவ்வகைக் குறை உள்ளோர்க்கு அளந்துகாட்ட வேண்டும். விண்ணப்ப முடிவு நாட்கள் நெருங்கும் வாரத்தில், எந்தப் பிள்ளையும் பிரதி ஏறவில்லை என்று திரும்பிப் போகாதபடி ஒருவர் பொறுப்பாக இருத்தல் வேண்டும். மூத்தோர் எம்மோடு வந்து அமர்வார்களாயின் அவர்களுக்கும் கற்பிப்போம். அவர்களிடமிருந்து பொறுமையைக் கற்றுக்கொள்வோம். அளப்பதற்கு முதல் வேண்டியது அதுவே.

பெட்டிகளின் உலகில் நாம் கண்ட பெருங்குறை, வழி ஒடுங்கியிருப்பதன்று. ஒடுங்கிய வழியில் நிற்பவர் வாய்திறவாமையே. “இவ்வளவுதான் ஆகும்” என்று ஒரு சொல் வந்தால், அனுப்புபவர் தம் சுமையைப் பகுத்துக்கொள்வார். நமது சங்கத்துக்கும் அது பொருந்தும். உதவி நாடி வருவோர்க்கு இயன்றதை இயலும் என்றும், இயலாததை இயலாது என்றும் உடனே சொல்லிவிடுவோம். மௌனத்தினால் ஒருவரையும் படலையிற் காத்து நிற்க வையாதிருப்போம்.

எல்லாம் வல்ல இறைவன் திருவருள் நம் பணியில் நிலைப்பதாக என்று வேண்டி அமைகின்றோம்.